கண்டக்டர் உக்காந்த கதை

ஒரு ஊர்ல ஒரு கண்டக்டர் இருந்தாரு. பேரு அருமைநாயகம். ஏட்டி, காலை என் வயித்து மேலருந்து எடு. கதை வேணும்னா 'ம்' சொல்லணும். 'ம்' நின்னா கதையும் நின்னுரும். எங்க, சொல்லு பாப்போம்.

ம். அப்படித்தான்.

அந்த அருமைநாயகம் பூரா காலத்தையும் பஸ்ஸுல நின்னே கழிச்சவரு. விர்ர்ர்னு விசில ஊதுவாரு, படபடன்னு டிக்கெட்டக் கிழிப்பாரு, 'உள்ள போங்க, உள்ள போங்க, உள்ள எடம் கெடக்கு'ன்னு தொண்டை வறளக் கத்துவாரு. கண்டக்டருக்குன்னு பஸ்ஸுல ஒரு சீட்டு உண்டும். ஆனா கைப்பிள்ளைக்காரி ஒருத்தி ஏறிட்டா எந்திரிச்சு அவளுக்குக் குடுத்துருவாரு. அவ எறங்குனா ஒரு கெழவன் ஏறுவான். இப்படியே முடி நரைச்சுப் போச்சு. அப்புறம் ஒரு நாள் மாலையப் போட்டு, மிச்சரும் காப்பியும் குடுத்து, 'போயிட்டு வாங்க அண்ணாச்சி'ன்னு வீட்டுக்கு அனுப்பிட்டாங்க.

அவருக்கு மனசுல இருந்தது ஒரே ஒரு ஆசைதான். வீட்டுல ஒரு பிரம்பு நாற்காலி கெடந்துது. அதுல போயி, காலை நீட்டி, 'அப்பாடா'ன்னு உக்காரணும். மாடி வீடு கேக்கல, காரு கேக்கல. உக்காரணும், அவ்வளவுதான்.

நடக்குமா? எமிலி விட்டுருவாளா?

எமிலின்னா அவரு பொண்டாட்டி. நல்லவதான், இல்லன்னு சொல்லல. கோயில்ல அவ பாட்டுச் சத்தம்தான் முதல்ல கேக்கும். மீன் கொழம்பு வச்சா தெருவே மணக்கும். ஆனா சாமான் கிறுக்கு. பீங்கான் கோழி, பீங்கான் முயலு, பீங்கான் வாத்து, கண்ணாடி முட்டை, மரத்துல செஞ்ச ஆட்டுக்குட்டின்னு எங்க எதப் பாத்தாலும் வாங்கிட்டு வந்துருவா. சிங்கப்பூர்ல இருந்து யாராச்சும் வந்தா, 'எப்படி இருக்க'ன்னு கேக்க மாட்டா, 'கோழி கொண்டாந்தியா'ன்னுதான் கேப்பா.

அந்தக் கோழியத் தரையில வைக்கலாமா? குளுரும்லா. அதனால ஒவ்வொண்ணுக்கும் ஒரு மெத்தை. தையக்கடையில வெட்டிப் போடுத துண்டுத்துணிய வாங்கியாந்து, செவப்பும் மஞ்சளும் பச்சையுமா ஒட்டுப்போட்டு, உள்ள பஞ்சு வச்சு, பொடிப் பொடியா இழையோட்டி, தட்டு அகலத்துல ஒண்ணு, முறத்து அகலத்துல ஒண்ணுன்னு குட்டிக் குட்டி மெத்தையாத் தைப்பா. கோழிக்குப் பஞ்சு மெத்தை. புருஷனுக்குக் கோரப்பாய்.

என்ன, சிரிக்க? 'ம்' சொல்லு.

வருஷம் பூரா அதெல்லாம் அலமாரிக்குள்ள கெடக்கும். லெந்து நாள், அதான் ஈஸ்டருக்கு முந்தின நோன்பு நாள், முடிஞ்சு ஈஸ்டர் வரப்போகுதுன்னா கெளம்பிரும். வீடு பூரா பரப்பி வைப்பா. நாற்காலி மேல, பெஞ்சு மேல, கட்டில் மேல, எங்கெங்க மனுசன் குண்டி வைப்பானோ அங்கெல்லாம் ஒரு மெத்தை, மெத்தை மேல ஒரு கோழி. அப்புறம் ஒருத்தரும் உக்காரக் கூடாது. ஒருத்தரும் தொடவும் கூடாது. யாராச்சும் வீட்டுக்கு வந்தாலும், வாசல்ல நிக்க வச்சே எட்டிப் பாக்கச் சொல்லி அனுப்பிருவா.

நான் ஏன் இவ்வளவு சத்தமா சொல்லுதேன்னு கேக்கியா? உனக்குக் காது நல்லாத்தான் கேக்குது. அடுத்த ரூம்ல உங்கம்மை சோபா மேல ஈஸ்டர் பொம்மைய அடுக்கிட்டு இருக்கா பாரு. அவளும் கொஞ்சம் கேக்கட்டும். சாயந்தரம் என்னைய எந்திரிக்கச் சொன்னது அந்த சோபாவுலருந்துதான்.

சரி. அருமைநாயகம் வேலைய விட்டு வந்து முதல் ஈஸ்டர். பெரிய வியாழக்கெழமை. மனுசன் குளிச்சிட்டு, துண்டைத் தோள்ல போட்டுக்கிட்டு, மெதுவா பிரம்பு நாற்காலிக்குப் போனாரு. குனிஞ்சாரு. பாதி தூரம் எறங்கிட்டாரு. அப்போ அடுப்பங்கரையிலருந்து ஒரு சத்தம்.

"எந்திரிங்க. அங்க முயலு இருக்கு."

திரும்பிப் பாக்காரு. ஒரு முயலு, அது பொண்டாட்டி, அதுக்குப் பிள்ளைக. குடும்பமே அவரு நாற்காலியில மெத்தை போட்டு உக்காந்திருக்கு.

"ம்"னாரு.

ஏட்டி, அவரு வீட்டுல அது ஒண்ணுதான் பேசுவாரு. பஸ்ஸுல ஊருக்கே கத்துன மனுசன், வீட்டுக்கு வந்தா வாயத் தொறக்க மாட்டாரு. எமிலி என்ன சொன்னாலும் 'ம்'. நீ சொல்லுத 'ம்' மாதிரியேதான்.

அப்புறம் பெஞ்சுக்குப் போனாரு. குனியப் போறாரு.

"அங்க ஆட்டுக்குட்டி மேயுது. கண்ணு தெரியலையா?"

பச்சை மெத்தை. அதுதான் புல்லாம். மேல மர ஆட்டுக்குட்டி வரிசையா மேயுது. "ம்"னாரு.

அப்புறம் கட்டில் ஓரத்துக்குப் போனாரு. பின்பக்கம் இன்னும் மெத்தையில படக்கூட இல்ல.

"வாத்து நீந்துது, வாத்து நீந்துது!"

நீல மெத்தை. அதுதான் கொளமாம். அதுக்கும் "ம்"னாரு. சொல்லிட்டு நேரா வாசலுக்குப் போயி, படியில உக்காந்துக்கிட்டாரு. வெறும் கல்லு. வெயில்ல காஞ்ச கல்லு. சுட்டுது. ஆனாலும் உக்காந்தாச்சே, அது போதும்னு இருந்தாரு.

வெள்ளிக்கெழமையும் படி. சனிக்கெழமை காலையிலயும் படி. சனிக்கெழமை சாயந்தரம் எமிலி வந்து எதுக்க நின்னா. இடுப்புல ஒரு கூடை.

"கொஞ்சம் எந்திரிங்க. உள்ள எடம் இல்ல. தாய்க்கோழிய இங்கதான் வைக்கணும்."

தாய்க்கோழின்னா, அவகிட்ட இருக்கதுலயே பெரிய கோழி. வெள்ளைப் பீங்கான், செவப்புக் கொண்டை, முதுகுதான் மூடி. அவகிட்ட வந்த முதல் கோழி அதுதான். அதுக்குக் கீழ இருந்த மெத்தைதான் அவ தச்ச முதல் மெத்தை. மத்ததெல்லாம் பளபளன்னு இருக்கும், இது மட்டும் காக்கி. வெளுத்துப் போன பழைய காக்கி.

அந்தக் காக்கி எங்கருந்து வந்துதுன்னு கேக்கியா? கல்யாணம் ஆன புதுசுல அருமைநாயகத்தோட சட்டை ஒண்ணு கிழிஞ்சு போச்சு. பஸ்ஸுல அவரு சீட்டு கட்டை மாதிரி இருக்குன்னு ஒரு நாள் சொல்லிட்டாரு. அப்போ எமிலி அந்தச் சட்டைய வெட்டி, பஞ்சு வச்சு, 'இதப் போட்டு உக்காருங்க'ன்னு அவருக்குத்தான் தச்சுக் குடுத்தா. மறுநாளே அவ தங்கச்சி கோழியக் கொண்டாந்துட்டா. 'இன்னைக்கு ஒரு நாள் மட்டும் இதுல வச்சிக்கிடுதேன்'னா. வச்சா. அது இன்னும் எறங்கல. எமிலிக்கு அது மறந்தே போச்சு. அவருக்கு மறக்கல. ஒவ்வொரு ஈஸ்டருக்கும் அதப் பாப்பாரு, 'ம்'னு சொல்லிக்கிடுவாரு.

இப்போ அந்த ஊர் வழக்கம் ஒண்ணு சொல்லணும். கொட்டாவி விடாம கேளு, இது முக்கியம். ஈஸ்டர் அன்னைக்கு விடியக்கருக்கல்ல கோயில் ஐயரு, அதான் பாதிரியாரு, அவரும் சபையாரும் பாட்டுப் பாடிக்கிட்டே தெருத்தெருவா வருவாங்க. ஒவ்வொரு வீட்டு வாசப்படியிலயும் ஒரு துணிய விரிச்சு, அது மேல முட்டையோ, தேங்காயோ, கருப்பட்டியோ, அவங்கவங்களால ஆனத வச்சிருப்பாங்க. அது சாமிக்குக் காணிக்கை. ஐயரு ஜெபம் பண்ணுவாரு. கோயில்குட்டி மாசிலாமணி, அதான் கோயில்ல மணியடிச்சு விளக்கேத்துதவரு, அவரு துணியோட சேத்து முடிஞ்சு தள்ளுவண்டியில ஏத்துவாரு. ஆராதனை முடிஞ்சதும் கோயில் வாசல்ல எல்லாத்தையும் ஏலம் போட்டுருவாங்க. படியில துணி விரிச்சாச்சுன்னா அது காணிக்கைதான். அந்த ஊர்ல நண்டு சிண்டுக்குக்கூட அது தெரியும்.

அதனால அருமைநாயகம் அன்னைக்கு வாயத் தொறந்து, "எமிலி, அது காணிக்கைத் துணி விரிக்கிற படி"ன்னாரு.

"எனக்குத் தெரியாதா? நான் இந்த ஊர்ல பொறந்தவ, நீங்கதான் வந்த ஆளு. காணிக்கைக்கு ரெண்டு முட்டை கூடையில எடுத்து வச்சிருக்கேன், நானே கையில குடுத்துருவேன். இது பவனி வரும்போது எல்லாரும் பாக்கதுக்கு. நீங்க விசில் ஊதுத வேலையப் பாருங்க."

அவரு சொல்லிப் பாத்துட்டாரு. இதுக்கு மேல என்ன செய்வாரு? "ம்"னுட்டு எந்திரிச்சுட்டாரு. அந்தப் படியும் போச்சு.

மறுநாள் ஈஸ்டர். டாண் டாண்னு கோயில் மணி. எமிலி வெள்ளைச் சேலையக் கட்டி, பவனியில முன்னால நிக்கணும்னு இருட்டுலயே கெளம்பிட்டா. போகும்போது ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போனா. "காக்கா வந்து கோழியக் கொத்திறாம பாத்துக்கிடுங்க."

பீங்கான் கோழியக் காக்கா கொத்துமாம். அதுக்குக் காவலு, பெஞ்சன் வாங்குத மனுசன். நின்னாரு. உக்காரத்தான் எடமில்லையே, நின்னாரு.

தூரத்துல பாட்டுச் சத்தம். கிட்ட வருது, கிட்ட வருது. ஜல் ஜல்னு கஞ்சிரா. முன்னால எமிலி, ஒரு கையில விளக்கு, இன்னொரு கையில முட்டைக் கூடை. வீட்டு வாசல்ல வந்ததும் பாட்டு நின்னுது. எல்லாரும் படியப் பாக்காங்க. காக்கி மெத்தை, அது மேல அம்மாம் பெரிய வெள்ளைக் கோழி, சுத்திக் கண்ணாடி முட்டை மினுங்குது. எல்லாரும் "ஆ"ன்னாங்க. எமிலிக்குக் கால் தரையில நிக்கல.

ஐயரு கண்ண மூடுனாரு. எல்லாரும் மூடுனாங்க. "ஆண்டவரே, இந்த வீட்டார் வாசல்ல வச்ச காணிக்கைய ஏத்துக்கிடும்"னு ஜெபிச்சாரு. தெரு பூரா வீட்டுக்கு வீடு அதே ஜெபம்தான். பழக்கத்துல யார் காதுல என்ன விழுது? "ஆமென்"னாங்க எல்லாரும். அதுலயே பெரிய ஆமென் எமிலிதான்.

பாட்டு மறுபடி தொடங்கிருச்சு. பவனி நகந்துட்டு, விளக்கு பிடிச்ச எமிலியும் முன்னால போயிட்டா. பின்னால தள்ளுவண்டி வருது, கடகட கடகட. மாசிலாமணி படிக்கிட்ட நின்னு தலையச் சொறிஞ்சாரு.

"அண்ணாச்சி, இது நெசமாவே காணிக்கைதானா?"

அருமைநாயகம் படியப் பாத்தாரு. மூணு நாளு சுட்ட கல்லு. அவரு கல்லு.

"ம்"னாரு.

மாசிலாமணி முடிஞ்சு எடுத்தாரு. கிணிங் கிணிங்னு முட்டை சத்தம் போட்டுது. அப்புறம் உள்ள எட்டிப் பாத்தாரு. "பெஞ்சு மேல ஒரு மந்தையே இருக்கே, அதுவுமா?"

அருமைநாயகம் பெஞ்சப் பாத்தாரு. ஆட்டுக்குட்டி நல்லா காலை நீட்டி மேஞ்சுட்டு இருந்துது.

"ம்."

"கட்டில்ல வாத்து. நாற்காலியில முயலு?"

நாற்காலின்னதும் அவருக்கு முழங்கால் ரெண்டும் ஒரு வலி வலிச்சுது. இத்தன வருசம் நின்ன வலி.

"ம்ம்ம்"னாரு. அவ்வளவு நீளமா அவரு ஒரு நாளும் சொன்னதில்ல.

தூங்கிட்டியா? கண்ணு சொருகுது, ஆனா 'ம்' வருது. சரி.

எமிலிக்கு இது ஒண்ணும் தெரியாது. போற வழியெல்லாம் பொம்பளைங்க அவ கையப் பிடிச்சுப் பிடிச்சுச் சொல்லுதாங்க, "எமிலிக்கா, எவ்வளவு பெரிய மனசு உங்களுக்கு." அவ என்னமோ வீட்டு அலங்காரத்தச் சொல்லுதாங்கன்னு நெனச்சு, "எல்லாம் என் கையால தச்சது"ன்னு தலைய ஆட்டிக்கிட்டே போறா.

ஆராதனை முடிஞ்சு வெளிய வந்தா, வேப்பமரத்தடி மேசையில முயலு. முயலுக்குப் பக்கத்துல வாத்து. அதுக்குப் பக்கத்துல தாய்க்கோழி. எமிலி கூடையில அந்த ரெண்டு முட்டை இன்னும் அப்படியே இருக்கு.

வாயத் தொறக்கப் போறா. அதுக்குள்ள ஐயரு ஏறி நின்னு பேச ஆரம்பிச்சுட்டாரு. "தன் வீட்டுல உள்ள அருமையான பொருள் எல்லாத்தையும் ஆண்டவருக்குக் குடுத்த ஒரு சகோதரிய இன்னைக்குப் பாக்கோம்"னு. எல்லாரும் கையத் தட்டுதாங்க. ஐயரு சம்சாரம் ஐயரம்மா வந்து அவளக் கட்டிப்பிடிச்சு, முன் வரிசையில தன் பக்கத்துல உக்கார வச்சுக்கிட்டாங்க. எப்படி 'என் கோழியக் குடு'ன்னு கேப்பா? ஜெபம் பண்ணியாச்சு. ஆமென்னும் சொல்லியாச்சு. சாமிக்குன்னு வச்சதத் திரும்ப எடுத்தா என்ன ஆகும்னு சின்னப்பிள்ளையில இருந்தே பயங்காட்டி வளத்திருக்காங்க. சிரிச்ச முகமா உக்காந்திருந்தா. அப்படி ஒரு சிரிப்ப நீ பாத்திருக்க மாட்ட. பல்லு மட்டும்தான் சிரிச்சுது.

மாசிலாமணி ஏலம் கூறுதாரு. "முயல் குடும்பம். ஒரு தரம்... ரெண்டு தரம்... மூணு தரம்." டங். டீக்கடைத் தங்கையா எடுத்துக்கிட்டான்.

"ஆட்டுக்குட்டி, மெத்தையோட. ஒரு தரம்... ரெண்டு தரம்... மூணு தரம்." டங். கைப்பிள்ளைக்காரி ஒருத்தி எடுத்தா. ஆட்டுக்குட்டியத் தூக்கி மூத்தவன் கையில குடுத்துட்டு, பச்சை மெத்தையில அங்கனயே சின்னதப் படுக்கப் போட்டா. போட்ட ஒடனே அது சர்ர்ருன்னு ஒண்ணுக்கு இருந்துட்டு. எமிலி கண்ண மூடிக்கிட்டா.

"தாய்க்கோழி. மெத்தை பழசு, அது தனி. கோழி மட்டும். ஒரு தரம்..."

எமிலி எந்திரிச்சுட்டா. ஐயரம்மா கையப் பிடிச்சு இழுத்தாங்க. "உக்காருங்க எமிலி. உங்களுக்கு எதுக்கு இன்னும் புகழ்ச்சி?" தொப்புனு உக்காந்துட்டா. கோழி பள்ளிக்கூடத்து டீச்சர் வீட்டுக்குப் போச்சு. டீச்சர் முதுகு மூடியத் தொறந்து பாத்து, "உப்பு போட்டு வைக்க நல்லா இருக்கும்"னாங்க.

கடைசியா அந்தக் காக்கி மெத்தை. மாசிலாமணி ரெண்டு விரலால தூக்கிக் காட்டுதாரு. "யாருக்கு வேணும்?" ஒருத்தருக்கும் வேண்டாம். "சும்மா வேணும்னாலும் கேளுங்க." சிரிக்காங்க.

அப்போ பின்னாலருந்து, விர்ர்ர்ர்.

எல்லாரும் திரும்பிப் பாக்காங்க. வேப்பமரத்துல சாஞ்சு, விசில வாயில வச்சுக்கிட்டு, அருமைநாயகம். அங்கயும் நின்னுக்கிட்டுத்தான்.

"எனக்கு"ன்னாரு.

ரெண்டு பேரும் வீட்டுக்கு வந்தாங்க. கதவத் தொறந்தா வீடு கெடக்கு, கழுவி விட்ட மாதிரி. எமிலி நடு வீட்டுல நின்னு கேட்டா.

"எல்லாத்தையும் எடுத்துட்டுப் போகச் சொன்னது நீங்களா?"

"ம்."

"வேணும்னேதானா?"

"ம்."

அழுதா. கேவிக் கேவி அழுதா. அத நான் கேலி பண்ண மாட்டேன் தாயி, ஆசையா சேத்தது போனா யாருக்கும் வலிக்கும். அருமைநாயகத்துக்கும் பாவமாத்தான் இருந்துது. ஆனா அவரு நேரா போயி, பிரம்பு நாற்காலியில காக்கி மெத்தைய விரிச்சாரு. ஓரத்துல இழையோட்டம் கோணலும் மாணலுமா இருந்துது, தையல் படிச்ச புதுசுல தச்சதுல்லா. எமிலி அழுகைய நிறுத்திட்டு அதையே பாத்தா. கிட்ட வந்து தொட்டுப் பாத்தா.

"இது நான் உங்களுக்குத் தச்சது."

"ம்."

"இதக் குடுத்து ஒரு நாள்கூட ஆகல, நான் புடுங்கிட்டேன்லா?"

அதுக்கு அவரு 'ம்' சொல்லல. மெதுவா குனிஞ்சாரு. பாதி தூரம் போயி, பழக்கத்துல ஒரு நிமிசம் நின்னாரு. யாரும் 'எந்திரிங்க'ன்னு சொல்லல. க்ரீச்சுனு நாற்காலி சத்தம் போட்டுது. உக்காந்துட்டாரு.

"அப்பாடா."

அப்புறம் நிமிந்து பாக்காரு, எமிலி இன்னும் நடு வீட்டுலயே நிக்கா. பெஞ்சு காலியா இருக்கு, கட்டிலு காலியா இருக்கு, அவளுக்கு எங்க போயி உக்காரணும்னே தெரியல. கோழிக்கும் வாத்துக்கும் எடம் போட்டுப் போட்டு, அவளும்தான் அந்த வீட்டுல உக்காந்ததே இல்ல.

"நீயும் உக்காரு எமிலி"ன்னாரு. "கால் வலிக்கும்லா."

எமிலி பெஞ்சுல ஓரமா உக்காந்தா. கொஞ்ச நேரம் கழிச்சு நல்லா பின்னால சாஞ்சு உக்காந்தா.

"ம்"னா.

அதுக்கப்புறம் திருந்திட்டாளான்னு கேக்காத. மறு ஈஸ்டருக்கே ஒரு வாத்து வந்துட்டு. ஆனா அது அலமாரியில ஒத்தக் கால்ல நின்னுது, மெத்தை கெடையாது. அந்த வருசம் தச்ச மெத்தையெல்லாம் நாற்காலி அகலத்துல இருந்துது. பழைய கோழி நெனப்பு வந்தா டீச்சர் வீட்டுக்குப் போவா. டீச்சர் 'உக்காருங்க'ன்னு நாற்காலி போட்டுக் குடுப்பாங்க. கோழி முதுகத் தொறந்து ஒரு சிட்டிகை உப்ப எடுத்து நாக்குல வச்சுட்டு, வந்துருவா.

கதை கடைசி ஸ்டாப்புக்கு வந்துட்டு. எல்லாரும் எறங்கியாச்சு, நீயும் எறங்கித் தூங்கு. 'ம்' சொல்லாத இனிமே. ஒரு 'ம்'முல ஒரு வீடே காலியாயிருக்கு.

இரு, அங்கன என்ன சத்தம்? டொக்கு டொக்குனு உங்கம்மை பொம்மைய எடுத்துக் கீழ வைக்கா.

என்னம்மா? சோபாவா? காலையில நான் உக்காரலாம்ங்கியா?

ம்.